முதுகில் எழுதிய பெயர்

வெண்மை, சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று வர்ணங்களும் ஒரே மீனின் முதுகில் அமைந்திருக்கின்றன. அந்த மீனுக்குப் பெயர் என்ன? விற்றவர் 'சான்கே' என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஷோவா அல்லவா இது!" என்கிறார். வீட்டுக் குழந்தையோ 'புள்ளிக்காரி' என்று நாமகரணம் செய்து வழக்கை ஒரு நொடியில் தீர்த்துவிடுகிறது. கொல்லையில் சிறு குளம் கட்டி ஜப்பானியக் கோய் மீன்களை வளர்க்கும் குடும்பங்களில் இத்தகைய விவகாரம் அடிக்கடி எழுவதுண்டு. பெயர் தெரியாத காரணத்தால் எந்த மீனும் நீந்தாமல் இருந்துவிடாது என்பது உண்மைதான். ஆயினும் இந்த மீன்களின் விலை பெயரைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறது. ஏமாற்றமும் பெயரின் வழியாகவே வருகிறது. ஆகையால் இந்த வாரம் அந்தப் பெயர்களைச் சற்றுப் பதம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கோய் என்பது எது என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய பாஷையில் 'கோய்' என்றால் கெண்டை, வேறொன்றுமில்லை. கண்ணாடித் தொட்டியில் வளரும் தங்கமீன் வேறு ஜாதி. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. கோய் மீனுக்கு வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. தங்கமீனுக்கு மீசையே கிடையாது. வர்ணம் எப்படி இருந்தாலும், மீசை இல்லாவிட்டால் அது கோய் அல்ல. தங்கமீன் கைக்கு அடக்கமாய் நின்றுவிடும். கோய் மீனோ 60, 70 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, நன்றாய்ப் பராமரித்தால் 20, 30 ஆண்டுகள் கூட வாழும். ஆகவே ஒரு கோய்க் குஞ்சை வாங்குகிறவர் தம் பிள்ளைகளின் கல்யாணம் வரையில் கூட இருக்கப்போகும் ஒரு ஜீவனை வீட்டுக்கு அழைத்து வருகிறார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த மீன்களின் பிறந்தகம் ஜப்பானின் நீகாத்தா மாகாணத்து மலைக் கிராமங்கள். யமகோஷி, ஓஜியா முதலிய அந்தப் பிரதேசத்தில் குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி பெய்து வழிகளை அடைத்துவிடும். மலைச்சரிவில் படிப்படியாக வயல் வெட்டி நெல் பயிரிட்ட குடியானவர்கள், பாசனத்துக்காகத் தேக்கிய குட்டைகளில் கெண்டை வளர்த்தார்கள். பனிக் காலத்தில் அதுவே அவர்களுக்கு ஆகாரம். அந்தக் கறுப்புக் கெண்டைகளுக்கிடையே எப்பொழுதாவது ஒன்று வயிற்றிலே சிவப்போடும், ஒன்று உடலெங்கும் வெளுப்போடும் பிறந்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யாரோ ஒரு குடியானவன் அப்படிப்பட்ட மீனைக் குழம்புச் சட்டிக்கு அனுப்பாமல் தனியே எடுத்து வைத்தான். அவன் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் இன்று உலகமெங்கும் கோடீசுவரர்களின் குளங்களில் நீந்தும் மீன்களெல்லாம் அவனுடைய அந்த ஒரு நிமிஷத் தயக்கத்தின் சந்ததிகள்.

பெயர் வைத்தவர்களும் அந்தக் குடியானவர்களே. பண்டிதர்கள் வைத்த பெயர்களாயிருந்தால் லத்தீன் மொழியில் இருந்திருக்கும். இவர்களோ அன்றாடம் கண்ணில் பட்ட பொருள்களைக் கொண்டு பெயர் வைத்தார்கள். துணி, பூ, பறவை, மை, மழை இவையே அவர்களுடைய அகராதி. துணியின் பங்கு இதில் மிகவும் அதிகம். இந்த மீன்களை மொத்தமாய்க் குறிக்கும் 'நிஷிகிகோய்' என்ற சொல்லுக்கே 'சரிகைப் பட்டுக் கெண்டை' என்று பொருள். சிவப்பும் வெளுப்புமான மீனை முற்காலத்தில் 'சராசா' என்றும் சொல்வதுண்டு. சராசா என்பது என்ன தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலேறி ஜப்பானுக்குப் போன சித்திரப் பருத்தித் துணியின் பெயர். அந்தத் துணிகளில் ஒரு நல்ல பகுதி நம்முடைய சோழமண்டலக் கரையில் ஏற்றுமதியானது. நம் நெசவாளரும் சாயக்காரரும் செய்த துணியின் நினைவு, கடல் கடந்து ஒரு மலைக் கிராமத்து மீனின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது! 'நருமி அஸாகி' என்ற மற்றொரு வகையும் அப்படித்தான். நருமி என்ற ஊர் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் துணிக்குப் பேர் பெற்றது. நம் மதுரைச் சுங்குடியைப் பார்த்தவர்களுக்கு அந்த மீனின் செதில் வரிசையை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பெயர் மாறிய கதையும் உண்டு. முன்னாளில் இவற்றை 'இரோகோய்' என்றார்கள். வர்ணக் கெண்டை என்று அர்த்தம். ஆனால் அதே உச்சரிப்பில் சிற்றின்பக் காதலைக் குறிக்கும் சொல்லும் ஒன்று இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், தேசம் போரில் இருக்கும்போது இப்படி ஒரு பெயரா என்று கருதி, 'நிஷிகிகோய்' என்ற கௌரவமான பெயரை வழக்குக்குக் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள்.

நிற்க. இனி இனங்காணும் முறைக்கு வருவோம். முதல் விதி: மேலிருந்து பாருங்கள். கோய் மீனின் அழகு முதுகில் இருக்கிறது. குளக்கரையில் நின்று குனிந்து பார்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுக்கப்பட்ட மீன் அது. பக்கவாட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பெயர் சொல்வது, புடவையின் உள் மடிப்பைப் பார்த்து விலை சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, சில அடிச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 'ஹி' என்றால் சிவப்பு. 'சுமி' என்றால் மை, அதாவது கறுப்பு. 'ஷிரோ' வெள்ளை. 'கி' மஞ்சள். 'கின்' பொன். 'கோய்' என்பது கடைசியில் வந்தால் மீன். இந்த அரை டஜன் சொற்கள் கைவசம் இருந்தால், நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பெயர்களில் பெரும்பாலானவற்றைச் செய்யுளைப் பதம் பிரிப்பது போல் பிரித்துவிடலாம். உதாரணமாக, 'கின் கி உத்சுரி' என்று ஒருவர் சொன்னால் பயப்பட வேண்டாம். பொன்னொளி வீசும், மஞ்சள் வர்ணமுடைய உத்சுரி, அவ்வளவே.

மூன்றாவது, கேள்விகளை ஒழுங்காகக் கேட்க வேண்டும். செதில் முழுவதும் இருக்கிறதா, இல்லையா? உடம்பு உலோகம் போல் பளபளக்கிறதா, அல்லது பூவிதழ் போல் அடங்கிய வர்ணமா? வர்ணங்கள் எத்தனை? கறுப்பு இருந்தால் அது எங்கே இருக்கிறது? இந்த நான்கு கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டால் முக்கால்வாசி மீன்களுக்கு விடை கிடைத்துவிடும்.

வகைகளுக்குள் தலைமையானவை மூன்று. அவற்றை 'கோசான்கே' என்பார்கள். தொகுகாவா வமிசத்தின் மூன்று பெரிய கிளைக் குடும்பங்களுக்கு வழங்கிய பட்டம் இது. மீன்களுக்கும் அதையே சூட்டி மகிழ்ந்தார்கள். முதலாவது கோஹாகு: வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் மட்டும். வெள்ளை என்றால் பனி வெள்ளை. சிவப்பின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருக்க வேண்டும். திட்டு இரண்டு படியாக இருந்தால் 'நிதான்', மூன்று படியானால் 'சாந்தான்', தலையிலிருந்து வால் வரை வளைந்து வளைந்து ஓடினால் 'இனாசுமா'. மின்னல் என்று பொருள். உடம்பில் வேறெங்கும் சிவப்பில்லாமல் தலையில் மட்டும் ஒரே வட்டப் பொட்டு இருந்தால் அது 'தான்ச்சோ'. செங்கொண்டை நாரையின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தால் குங்குமம் என்றே சொல்வார்கள்.

இரண்டாவது தாய்ஷோ சான்கே, மூன்றாவது ஷோவா. இரண்டும் சக்கரவர்த்திகளின் ஆட்சிக் காலத்தின் பெயர்களைத் தாங்கியவை. தாய்ஷோ காலம் 1912 முதல் 1926 வரை. அதைத் தொடர்ந்த ஷோவா காலம் 1989 வரை. இரண்டிலும் அதே மூன்று வர்ணங்கள்தான். ஆரம்பத்தில் சொன்ன வழக்கு இங்கேதான் தீர்ப்புக்கு வருகிறது. தீர்ப்பளிக்க வேண்டிய சாட்சி கறுப்பு. சான்கே என்பது கோஹாகு மீனின் மேல் மைத்துளி தெளித்தாற் போன்றது. அந்தத் துளிகள் முதுகின் மேற்பகுதியில் மட்டும் நிற்கும், தலையில் ஏறா. பக்கத் துடுப்புகள் வெண்மையாகவோ, மெல்லிய கறுப்புக் கோடுகளுடனோ இருக்கும். ஷோவாவோ அடிப்படையில் கறுப்பு மீன். அதன் மேல் சிவப்பும் வெள்ளையும் விரிந்திருக்கின்றன. ஆகையால் கறுப்பு தலையிலும் பாயும், விலாவைச் சுற்றி வயிற்றுப் பக்கமும் இறங்கும், பக்கத் துடுப்பின் அடியில் திட்டாகவும் நிற்கும். 1927-ஆம் ஆண்டில் ஜூகிச்சி ஹோஷினோ என்பவர் கி உத்சுரியையும் கோஹாகுவையும் சேர்த்து உண்டாக்கிய வகை இது. தாயாதி உறவு தெரிந்தால் ஜாடை தெரியும் என்பது மீன் விஷயத்திலும் உண்மை. இக்காலத்தில் வெண்மை மிகுந்த ஷோவாக்களையும் வளர்ப்பதால் தூரத்தில் பார்த்தால் மயக்கம் வரலாம். அப்பொழுது தலையையும் துடுப்பின் அடியையும் பாருங்கள்.

இந்த இரண்டிலும் சிவப்பை நீக்கிவிட்டால் வேறு இரண்டு வகைகள் புலப்படும். சான்கேயின் கறுப்பு வெள்ளைமேல் நின்றால் 'ஷிரோ பெக்கோ'. பெக்கோ என்றால் ஆமையோடு. ஷோவாவின் கறுப்பு வெள்ளையோடு நின்றால் 'ஷிரோ உத்சுரி'. உத்சுரி என்றால் பிரதிபலிப்பு. ஆக, ஒரே பாடத்தை இரண்டு முறை படிக்கிறோம். சான்கேக்கும் ஷோவாவுக்கும் உள்ள பேதம் தெரிந்தவருக்குப் பெக்கோவும் உத்சுரியும் தாமாகவே விளங்கும்.

செதிலைப் பற்றிய கேள்விக்கு வருவோம். செதிலே இல்லாமல், அல்லது முதுகோரம் ஒரு வரிசைப் பெரிய செதில் மட்டும் உடைய மீன்களை 'டோய்ட்ஸு' என்பார்கள். ஜெர்மனி தேசத்துக் கண்ணாடிக் கெண்டையின் வாரிசுகள் இவை. 1910-இல் யோஷிகோரோ அக்கியாமா என்பவர் அந்தக் கெண்டையை நீலச் சாம்பல் நிறமான அஸாகியுடன் சேர்த்து 'ஷூசுய்' என்ற வகையைப் படைத்தார். அந்தப் பெயரின் முதல் எழுத்து இலையுதிர் காலத்தைக் குறிப்பது. அக்கியாமா என்ற குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் அதுவே. இந்தக் கண்ணாடிக் கெண்டை நமக்கும் அந்நியமல்ல. 1939-இல் அதை இலங்கையிலிருந்து கொண்டு வந்து நீலகிரி நீர்நிலைகளில் விட்டார்கள். உதகமண்டலத்தில் அந்த மீனைக் கண்டவர்கள் ஷூசுயின் ஒரு பாட்டனாரைக் கண்டவர்களே.

செதில்கள் ஒவ்வொன்றும் வைரத்தூள் பதித்தாற்போல் மின்னினால் 'கின்ரின்' என்ற சொல்லைப் பெயரோடு சேர்க்க வேண்டும். உடம்பு முழுவதும் ஒரே உலோக ஒளியானால் 'ஓகோன்'. ஒளியுண்டா என்பதைத் தலையிலும் பக்கத் துடுப்பிலும் பார்த்து முடிவு செய்வது உத்தமம். மஞ்சள் பொன்னானால் ஒரு மலரின் பெயரால் 'யமபுகி ஓகோன்'. மற்றப் பெயர்களின் நயத்தையும் கேளுங்கள். வலைப்பின்னல் செதிலும் பொன்னொளியும் கலந்தது 'குஜாகு', அதாவது மயில். முழுக் கறுப்பு 'கராஸுகோய்', காக்கைக் கெண்டை. பழுப்பு நிறமானது 'சாகோய்'. 'சா' என்றால் தேயிலை. நம் 'சாயா'வுக்குச் சொந்தக்காரச் சொல். நீலச் சாம்பல் உடம்பில் பழுப்புத் திட்டுகள் கொண்டது 'ஓச்சிபா ஷிகுரே'. உதிர்ந்த இலைகளின் மேல் பெய்யும் கூதிர்காலத் தூறல் என்பது அதன் கருத்து. இதை வைத்தவன் உழவனா, கவிஞனா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இவ்வளவும் கற்ற பிறகு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. மீன் மாறும். கறுப்பை மீன் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வேண்டிய பொருளை ஆகாரத்திலிருந்துதான் பெற வேண்டும். ஒளியோ, தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் வேலை. தண்ணீரின் குணம், வெப்பம், வயது, உணவு எல்லாம் இவற்றைப் பாதிக்கின்றன. 'குமொன்ரியு' என்ற கறுப்பு வெள்ளை மீன் பருவத்துக்குப் பருவம் தன் கறுப்பைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். இளம் ஷோவாவின் வெள்ளையில் நீலநிழல் போல் தெரிவது, தோலுக்கடியில் காத்திருக்கும் கறுப்பு. நாளடைவில் அது மேலே வரும். ஆகவே விரல் நீளக் குஞ்சுக்கு யாராவது பெரிய பெயரைச் சொல்லிப் பெரிய விலை கேட்டால், அவர் விற்பது மீனை அல்ல, ஜாதகத்தை என்று அறிந்துகொள்ளுங்கள். சிவப்பு ஏறட்டும் என்று நிறமூட்டும் தீனியை அளவுக்கு மிஞ்சிப் போடுவதும் கூடாது. வெள்ளையிலும் சாயல் படிந்து மங்கிவிடும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், அது இன்பமானதல்ல. பெண் மீன் ஒன்று தன் எடையில் கிலோவுக்கு ஒரு லட்சம் என்ற அளவில் முட்டையிடும். பெற்றோர் எவ்வளவு உயர்ந்த கோஹாகுவானாலும் குஞ்சுகளில் பெரும்பகுதி கோஹாகுவாக வருவதில்லை. வெறும் வெள்ளையும் வெறும் சிவப்புமே மிகுதி. ஷோவாவில், பொரித்த சில நாட்களுக்குள்ளேயே கறுப்புக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவார்கள். பிறகும் பல தடவை பொறுக்குவார்கள். கழித்தவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ஒரு மீனுக்குப் பெயர் கிடைப்பதற்காக ஆயிரக்கணக்கான மீன்கள் பெயரின்றிப் போகின்றன. பெயரைப் பெருமையாகச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் மனத்தில் கொள்வது நியாயம். ஆகையால், வகை தேறாத மீன் நம் குளத்துக்கு வந்துவிட்டால் அதை இளக்காரமாய் நினைக்க வேண்டாம். வேண்டாமென்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவது அதைவிடப் பெரிய தவறு. கெண்டை அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும் பிராணி. தண்ணீரைக் கலக்கி, நீர்ச்செடிகளை வேரோடு கெடுத்து, அங்கேயே பிறந்த மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பல தேசங்கள் இந்த அனுபவத்தை விலை கொடுத்துப் பெற்றிருக்கின்றன.

பெயரிட்டவர்களின் ஊரே ஒரு நாள் நாசமானது. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி மாலையில் நீகாத்தாவில் பூகம்பம் நேர்ந்தது. மலைகள் சரிந்து யமகோஷியின் பாதைகளை மூடின, குட்டைகள் உடைந்தன. வளர்ப்பு மீன்களைக் குட்டைகளிலிருந்து எடுத்துக் குளிர்காலத்துக்கு உள்ளே கொண்டு வரும் பருவம் அது. கிராம ஜனங்கள் அனைவரும் ஹெலிகாப்டரில் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் எஞ்சிய மீன்களில் சிலவற்றையும் ஹெலிகாப்டரில் கொண்டு போனார்கள். தலைமுறைகளின் பொறுக்கல் அந்தச் சில மீன்களின் உடலில் இருந்தது. அவை போய்விட்டால் புத்தகத்திலுள்ள பெயரை வைத்துக்கொண்டு மீனை மறுபடி உண்டாக்க முடியாது. 2005-இல் யமகோஷி கிராமம் நாகயோகா நகரத்தோடு இணைக்கப்பட்டது. அந்த மலைகளில் கோய் வளர்ப்பு மட்டும் நிற்கவில்லை.

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1921-இல் யமகோஷிப் பிரதேசத்தைச் சேர்ந்த சவாதா அவோகி என்பவருக்கு ஒரு கறுப்புக் கெண்டை கிடைத்தது. முதுகில் மட்டும் பொன்னிறக் கோடு ஒன்று. அப்பொழுது இருந்த எந்த வகையிலும் அது சேரவில்லை. அதற்குப் பெயரே கிடையாது. பெயர்ப் பட்டியலை மட்டும் கற்றவராயிருந்தால் 'வகை தேறாதது' என்று தள்ளியிருப்பார். அவரோ அதையும் அதன் குஞ்சுகளில் பொன்னொளி மிகுந்தவற்றையும் விடாது வளர்த்தார். பின்னர் மகனும் கூடச் சேர்ந்துகொண்டார். யுத்தம் முடிந்த மறு ஆண்டான 1946-இல், இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பயனாக, முதல் ஓகோன் பிறந்தது. இன்று நாம் காணும் உலோக ஒளி வகைகள் பெரும்பாலும் அந்த வமிசத்தவை.

பெயர்களைக் கற்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இருக்கும் பெயர்கள் அனைத்தையும் அறிந்தவனால்தான் பெயரில்லாத ஒன்று எதிரே வந்தால் கண்டுகொள்ள முடியும். நேயர்கள் தங்கள் குளத்து மீன்களைக் காலை வெளிச்சத்தில், மேலிருந்து, நிதானமாகப் பாருங்கள். குழந்தைகளையும் உடன் நிறுத்திக்கொண்டு, தலையில் கறுப்பு இருக்கிறதா, துடுப்பின் அடியில் இருக்கிறதா என்று அவர்களையே சொல்லச் செய்யுங்கள். விடை சரியாக வருவது இரண்டாம்பட்சம். உற்றுப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், அது குளத்தோடு நின்றுவிடாது.